புதுச்சேரியில் ராக் இரவு: உள்ளூர் குழுக்களை நேரில் கேட்க ஒரு முழுமையான வழிகாட்டி

கடலூரிலிருந்து புதுச்சேரி ஏறக்குறைய 22 கிலோமீட்டர். அங்கே வார இறுதியானால் ஏதாவது ஒரு மொட்டை மாடியிலோ, உணவக முற்றத்திலோ, இன்னும் கொஞ்சம் வடக்கே போய் ஆரோவில்லிலோ நாலைந்து பேர் கிட்டாரும் டிரம்ஸுமாக நின்று 1960, 70களின் ராக் பாட்டுகளை வாசித்துக்கொண்டிருப்பார்கள். பெரும்பாலும் நம் பக்கத்துப் பிள்ளைகள்தான். பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள், தேவாலயப் பாடகர் குழுவில் கிட்டார் பிடிக்கப் பழகியவர்கள், கல்யாண வரவேற்பு மெல்லிசை மேடைகளில் கை தேர்ந்தவர்கள். அவர்கள் மனசு விட்டு வாசிக்கும்போது பாதிக் கூட்டம் மேடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். மேடையைப் பார்த்து உட்கார நினைக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உள்ளூர் குழுவை அசல் ரெக்கார்டின் நகலாக நினைத்துக் கேட்டால் அந்த இரவில் பாதி கைநழுவிப் போகும். ரெக்கார்டை வீட்டிலேயே கேட்டுக்கொள்ளலாம். நேரில் கிடைப்பது வேறு: நாலு பேர் ஒருவரை ஒருவர் கவனித்து, அந்த நிமிடத்தில் முடிவெடுத்து, ஒரு பாட்டைக் கரை சேர்ப்பது. கீழே சொல்லும் எல்லாமே அதைக் கண்ணாலும் காதாலும் பிடிப்பதற்கான வழிகள்தான்.

1. எங்கே, எப்போது என்று கண்டுபிடிப்பது

ஆண்டில் ஒரே ஒரு நாள்தான் போக முடியும் என்றால் ஜூன் 21ஐ ஒட்டிய நாளைத் தேர்ந்தெடுங்கள். பிரான்சில் 1982இல் தொடங்கிய ‘ஃபெத் த லா மியூசிக்’ என்ற இசைத் திருநாளை, பிரெஞ்சு உறவு காரணமாகப் புதுச்சேரியும் கொண்டாடுகிறது. பிரெஞ்சு மொழி, பண்பாட்டு மையமான அலியான்ஸ் பிரான்சேஸ் முன்னின்று நடத்தும். தெருவிலும் திடலிலும் மேடை போட்டு, கட்டணம் இல்லாமல், பல குழுக்கள் அடுத்தடுத்து வாசிக்கும். 21ஆம் தேதி வார நடுவில் வந்தால் பக்கத்து வார இறுதிக்குத் தள்ளி வைப்பதும் உண்டு. அதனால் ஜூன் முதல் வாரத்திலேயே விசாரித்து வையுங்கள். குழந்தைகளோடும் வயதானவர்களோடும் போவதற்கு இதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. மது விற்கும் இடத்துக்குள் போகத் தேவையில்லை, ஒரு மேடை பிடிக்கவில்லையென்றால் அடுத்த தெருவுக்கு நடக்கலாம்.

மற்ற நாட்களில் வெள்ளி, சனிதான் முக்கியம். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் சுற்றுலாக் கூட்டம் வருவதால் நிகழ்ச்சிகள் கூடும். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் முதல் பாதி வரை வடகிழக்குப் பருவமழை. அந்த நாட்களில் திறந்தவெளி நிகழ்ச்சியை நம்பிப் போகாதீர்கள். கிளம்பும் முன் ஒருமுறை போன் செய்து கேளுங்கள்.

தகவல் எங்கே கிடைக்கும்? உணவகங்களும் பார்களும் இன்ஸ்டாகிராமில்தான் அறிவிக்கின்றன, அதுவும் இரண்டு மூன்று நாள் முன்னால்தான். இடங்களைத் தொடர்வதைவிடக் குழுக்களைத் தொடருங்கள். இடம் மூடும், பெயர் மாறும். குழு வேறு இடத்துக்கு நகர்ந்து வாசித்துக்கொண்டே இருக்கும். சுய்ப்ரேன் வீதியில் உள்ள அலியான்ஸ் பிரான்சேஸின் அறிவிப்புகளையும், ஆரோவில்லின் ‘நியூஸ் அண்ட் நோட்ஸ்’ வார இதழையும் பாருங்கள். இன்னொரு வழி பலருக்குத் தோன்றுவதில்லை: கிட்டார் கம்பி விற்கும் இசைக்கருவிக் கடையிலோ, டிரம்ஸ் சொல்லித்தரும் வகுப்பிலோ போய்க் கேட்பது. யார் யாரோடு வாசிக்கிறார்கள், எந்தக் குழு உடைந்து எது புதிதாகச் சேர்ந்தது எல்லாம் அங்கே தெரிந்திருக்கும்.

2. கிளம்பும் முன் ஒரு கேள்வி

‘லைவ் மியூசிக்’ என்று போஸ்டரில் இருந்தால் மட்டும் நம்பிவிடாதீர்கள். ஒருவர் மட்டும் உட்கார்ந்து, லேப்டாப்பில் பின்னணி இசையை ஓடவிட்டுப் பாடினாலும் அதே பெயர்தான். ‘அன்பிளக்ட்’ என்றால் பெரும்பாலும் ஒரு கிட்டார், ஒரு குரல், கூட, கையால் தட்டும் கஹோன் என்ற தாளப் பெட்டி ஒன்று. அதுவும் நல்ல இசைதான், ஆனால் ராக் இரவு இல்லை. எனவே போன் எடுத்ததும் கேளுங்கள்: “இன்னிக்கு டிரம்ஸ் இருக்கா?” டிரம்ஸ் இருக்கிறது என்றால் முழுக் குழு இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம்.

கூடவே எத்தனை மணிக்குத் தொடக்கம், கவர் சார்ஜ் (நுழைவுக் கட்டணம்) உண்டா, உண்டென்றால் அந்தத் தொகையைச் சாப்பாட்டுப் பில்லில் கழிப்பார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வயதுச் சான்றுக்கு ஆதாரோ லைசென்ஸோ கையில் இருக்கட்டும்.

மது அருந்தாதவர்கள் தயங்க வேண்டாம். ஒரு லைம் சோடாவும் தட்டில் ஏதாவதும் வாங்கிக்கொண்டு மூன்று மணி நேரம் உட்காரலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். பெண்கள் தனியாகவோ தோழிகளோடோ போவதாக இருந்தால் மேடைக்குப் பக்கத்து மேசையை முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. இசை கேட்க வந்தவர்கள் அங்கேதான் இருப்பார்கள், தொந்தரவு குறைவு.

3. காதைத் தயார் செய்வது

உள்ளூர் குழுக்கள் அதிகம் எடுக்கும் பெயர்கள் சில இருக்கின்றன: கிரீடென்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல், ஈகிள்ஸ், டயர் ஸ்ட்ரெய்ட்ஸ், டீப் பர்ப்பிள், பிங்க் ஃபிலாய்ட், லெட் செப்பெலின். ஒரு வாரம் தினமும் ஒரு குழுவாகக் கேட்டால் போதும். வரிகளைப் படிக்க வேண்டியதில்லை. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு விஷயத்தைக் கவனித்து வையுங்கள்.

கிரீடென்ஸில் ரிதம் கிட்டார்: இரண்டு மூன்று கார்டுதான் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு), ஆனால் அசையாமல் நிற்கும். டயர் ஸ்ட்ரெய்ட்ஸில் கிட்டார் கலைஞர் மார்க் நாஃப்லர், கம்பியை மீட்டும் பிக் என்ற சின்னத் தகடு இல்லாமல் விரலாலேயே மீட்டுவார். அதனால்தான் அந்த ஒலி பேசுகிற மாதிரி வருகிறது. டீப் பர்ப்பிளில் கீபோர்டு கலைஞர் ஜான் லார்ட் தன் ஹேமண்ட் என்ற மின் ஆர்கனை, கிட்டாருக்கான மார்ஷல் ஆம்ப் (ஒலிபெருக்கும் கருவி) வழியாக அனுப்பி, ஆர்கனையே உறுமவைத்தார். நம்மூர் மெல்லிசை மேடையில் பழகிய கீபோர்டு கலைஞர் ஒருவர் இந்த ஒலியைத் தன் கீபோர்டில் தேடிப் பிடித்து வைத்திருந்தால், அவர் எவ்வளவு உழைத்திருக்கிறார் என்பது அப்போது உங்களுக்குப் புரியும்.

ராக் உங்களுக்கு முற்றிலும் புதிது என்றால் இளையராஜாவிலிருந்து தொடங்கலாம். அவரே கிட்டார் வாசிப்பவர். அவருடைய 80களின் பாட்டுகளில் பேஸ் கிட்டார் தனி ராகமாகக் கீழே ஓடிக்கொண்டிருக்கும். பல்லவியை விட்டுவிட்டு அந்த பேஸை மட்டும் தொடர்ந்து கேட்கப் பழகினால் ராக் மேடையில் பாதி வேலை முடிந்தது.

4. போக, வர

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்துக்குப் பஞ்சமில்லை. திரும்புவதுதான் யோசிக்க வேண்டியது. இரவு ஏற ஏறப் பேருந்து குறையும். மறைமலை அடிகள் சாலைப் பேருந்து நிலையத்தில் இறங்கியதுமே அன்றைய கடைசிக் கடலூர் பேருந்து எத்தனை மணிக்கு என்று நேரக் காப்பாளரிடம் கேட்டு வையுங்கள். நாலு பேர் சேர்ந்து போனால் கார் வைத்துக்கொள்வதே நிம்மதி. ஓட்டுகிறவர் ஒரு சொட்டும் குடிக்கக் கூடாது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தாலே குற்றம். முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. வாங்கிய பாட்டிலோடு எல்லை தாண்டாதீர்கள். ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் நிறுத்திப் பார்ப்பார்கள்.

ஆரோவில் என்றால் இன்னொரு 10 கிலோமீட்டர் வடக்கே. உள்சாலைகள் இருட்டு, செம்மண் பாதைகள், மழை பெய்தால் வழுக்கும். வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்து வழியைப் பார்த்து வைத்துக்கொண்டால் திரும்பும்போது தடுமாற்றம் இருக்காது. அங்கே ஒரே குழுவில் பல நாட்டுக்காரர்களும் பக்கத்துக் கிராமத்து இளைஞர்களும் சேர்ந்து வாசிப்பார்கள், குடியின் சத்தம் இல்லாத கூட்டம் அமைதியாகக் கேட்கும். கேட்பதற்கென்றே போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஆரோவில்லைத்தான்.

எங்கே போனாலும் சீக்கிரம் போங்கள். ஒலி மாசு விதிகள் 2000இன்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. அரசு தனியாக அனுமதி தரும் சில விழா நாட்கள் மட்டும் விதிவிலக்கு. எட்டு மணி என்று போட்ட நிகழ்ச்சி எட்டரைக்குத் தொடங்கி, பத்துக்கு முடிந்தாக வேண்டும். ஒன்பதரைக்குப் போய் நின்றால் கடைசி நாலு பாட்டுதான் கிடைக்கும். ஏழு மணிக்கே போனால் சவுண்ட் செக் பார்க்கலாம். டிரம்மர் ஒரே டிரம்மைத் திரும்பத் திரும்ப அடிப்பது, ஒலிகளின் அளவைச் சரிசெய்யும் மிக்ஸர் கருவியில் இருப்பவர் ஒவ்வொரு மைக்காக ஏற்றி இறக்குவது எல்லாம் முதல் பார்வைக்கு அலுப்பாகத் தோன்றும். ஆனால் தனித்தனியாக ஒவ்வொரு கருவியும் எப்படி ஒலிக்கிறது என்று பிறகு கூட்டு ஒலியில் பிரித்துக் கேட்க அதுதான் பாடம்.

5. எங்கே நிற்பது

ஸ்பீக்கருக்கு நேர் எதிரே நிற்காதீர்கள். சுவர் மூலையும் வேண்டாம். அங்கே பேஸ் ஒலி குவிந்து மற்றதை எல்லாம் அமுக்கிவிடும். சவுண்ட் இன்ஜினியர் மிக்ஸர் வைத்திருக்கும் இடம்தான் சரியான இடம், ஏனென்றால் அவர் தன் காதுக்கு நன்றாகக் கேட்கும்படிதான் எல்லாவற்றையும் சரிசெய்கிறார். சின்ன இடங்களில் மிக்ஸர் மேடை ஓரத்திலேயே இருக்கும், அல்லது ஒருவர் டேப்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தபடி சரிசெய்வார். அப்படியானால் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே, ஏழெட்டு மீட்டர் தள்ளி, டிரம்மரின் கை தெரியும்படி உட்காருங்கள். கை தெரிவது முக்கியம்.

6. என்ன கேட்பது, என்ன பார்ப்பது

முதல் பாட்டு முழுக்க டிரம்மரை மட்டும் பாருங்கள். பாடகர் கண்ணை இழுப்பார், விட்டுவிடுங்கள். நான்கு எண்ணிக்கையில் ஒன்றிலும் மூன்றிலும் காலால் கிக் என்ற பெரிய டிரம், இரண்டிலும் நான்கிலும் இடக்கையால் ஸ்நேர் என்ற சின்ன டிரம்: இதுதான் ராக்கின் அடிப்படை. நமக்கு ஆதி தாளத்தில் சமத்தில் தட்டிப் பழக்கம், அதனால் கை தானாக ஒன்றில் விழும். ஸ்நேரோடு சேர்த்து இரண்டிலும் நான்கிலும் தட்டிப் பாருங்கள். நீங்கள் கேட்டுக்கொண்டிருந்த அதே பாட்டு சட்டென்று நடக்கத் தொடங்கும்.

இரண்டாவது பாட்டில் பேஸ். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி திறந்த நிலையில் நொடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிரும். போனின் சின்ன ஸ்பீக்கரால் அந்த அடி ஒலியை எழுப்பவே முடியாது. போனிலேயே பாட்டுக் கேட்டு வளர்ந்த ஒருவர் பேஸை உண்மையில் கேட்டதே இல்லை என்று சொல்லலாம். நேரில் அது நெஞ்சுக்கூட்டில் தெரியும். பேஸ்காரரின் விரலும் டிரம்மரின் காலும் ஒரே நொடியில் இறங்குகின்றனவா என்று பாருங்கள். அந்த இருவரும் ஒட்டிக்கொண்டால் குழு நிமிர்ந்து நிற்கும். லீட் கிட்டார் எவ்வளவு வேகமாக ஓடினாலும், இந்த ஜோடி தளர்ந்தால் பாட்டு தள்ளாடும். நல்ல குழுவையும் சுமாரான குழுவையும் நான் பிரிப்பது இந்த ஒன்றை வைத்துத்தான்.

அப்புறம் கிட்டார். இங்கேதான் ஒப்பிடும் ஆசை வரும். ரெக்கார்டில் கேட்பது பெரும்பாலும் நான்கு பேர் ஒரே நேரத்தில் வாசித்தது அல்ல. ஸ்டுடியோவில் ஒரே கலைஞர் ஒன்றின் மேல் ஒன்றாகப் பல தடவை வாசித்துச் சேர்த்தது. குயீன் குழு 1975இல் வெளியிட்ட ‘போஹீமியன் ராப்சடி’ என்ற புகழ்பெற்ற நீண்ட பாட்டின் நடுவே வரும் ஓபரா பகுதியைக் குயீனே மேடையில் பாடவில்லை. அந்த இடத்தில் டேப்பை ஓடவிட்டார்கள். அப்படியிருக்க, புதுச்சேரி மாடியில் நிற்கும் நாலு பேர் எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று தீர்மானித்தே ஆகவேண்டும். ஈகிள்ஸின் இரட்டைக் கிட்டார் பகுதியை ஒரே கிட்டார் உள்ள குழு எடுத்தால், இரண்டாவது கிட்டாரின் பகுதியைக் கீபோர்டுக்குக் கொடுத்திருக்கிறார்களா, பேஸ் மேலேறி வந்து தாங்குகிறதா என்று கவனியுங்கள். அந்தத் தீர்மானம்தான் அவர்களுடைய சொந்தப் படைப்பு.

பாட்டின் முடிவும் அப்படித்தான். அந்தக் காலத்து ரெக்கார்டுகளில் நிறையப் பாட்டுகள் முடிவதே இல்லை. ஒலி மெல்லத் தேய்ந்து மறையும். மேடையில் அப்படித் தேய முடியாது. எப்படி நிறுத்துவது என்பதைக் குழுதான் யோசித்து உருவாக்க வேண்டும். கடைசிச் சுற்று வரும்போது கண்களைப் பாருங்கள்: கிட்டார்காரர் கிட்டாரின் கழுத்தை உயர்த்துவார், பாடகர் முஷ்டியைத் தூக்குவார், டிரம்மர் தலையை ஆட்டுவார், எல்லோரும் ஒன்றாக இறங்குவார்கள். ஸோலோ (தனி வாசிப்பு) இன்னும் ஒரு சுற்றுப் போகலாம் என்று கண்ணாலேயே கேட்பதும், பேஸ்காரர் சிரித்துக்கொண்டே சம்மதிப்பதும் தெரியும். இரண்டு நாதஸ்வரக்காரர்கள் மல்லாரியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வதைக் கோயில் வாசலில் பார்த்தவர்களுக்கு இது பழகிய காட்சி.

சுருதி மாறியிருந்தாலும் குறை சொல்லாதீர்கள். பாடகரின் குரலுக்கு ஏற்ப அரை சுருதி இறக்குவது பழைய வழக்கம். ஜிமி ஹெண்ட்ரிக்ஸும் பெரும்பாலும் அப்படித்தான் கம்பியை இறக்கி வைத்து வாசித்தார்.

கடற்கரை ஊருக்கென்று சில சிரமங்கள் உண்டு. உப்புக் காற்றில் கிட்டார் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். ஏசி அறையிலிருந்து புழுக்கமான மாடிக்குக் கிட்டாரைக் கொண்டுவந்தால் கொஞ்ச நேரத்துக்குச் சுருதி நிற்காது. அதனால்தான் இரண்டு பாட்டுக்கு ஒருமுறை நின்று டியூன் செய்கிறார்கள். அந்த அரை நிமிடத்தில் “பாட்டப் போடுங்கப்பா” என்று கத்துகிறவர்களை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. எர்த்திங் சரியில்லாத இடத்தில் ஆம்பிலிருந்து ‘உம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் வரும். அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒலி, குழுவின் தப்பு இல்லை.

7. காதைக் காப்பாற்றுவது

இதைப் பலரும் ஒதுக்கிவிடுகிறார்கள், தயவுசெய்து நீங்கள் ஒதுக்காதீர்கள். அமெரிக்கத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனமான நியாஷின் கணக்குப்படி 85 டெசிபல் ஒலியை எட்டு மணி நேரம் தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். சின்ன அறையில் டிரம்ஸோடு ஒரு ராக் குழு வாசித்தால் 100ஐத் தொடுவது சாதாரணம். மருந்துக் கடையில் நுரை இயர்பிளக் மலிவாகக் கிடைக்கும். விரலால் உருட்டி மெல்லியதாக்கி, மறுகையால் காது மடலை மேலே இழுத்துச் செருகி, நுரை விரியும் வரை பிடித்திருங்கள். மேல் சுருதி ஒலி கொஞ்சம் மங்கும். இசைக்கலைஞர்களுக்கென்று வரும் பிளக் விலை கூடுதல், ஆனால் ஒலி மங்காமல் அளவு மட்டும் குறையும். குழந்தைகளுக்குக் காதை மூடும் இயர்மஃப் கட்டாயம். இடைவேளையில் வெளியே போய்க் காற்றாட நில்லுங்கள். வீடு திரும்பிய பிறகு காதில் ரீங்காரம் கேட்டு, அது மறுநாளும் அடங்காவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

8. மேடையில் இருப்பவர்களோடு

பாட்டு நடுவே விருப்பம் கேட்காதீர்கள். இடைவேளையில் போய், “அண்ணா, ஈகிள்ஸ் ஏதாவது இருக்கா?” என்று கேட்டால் சந்தோஷமாகப் பதில் சொல்வார்கள். குழுவின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், குறிப்பிட்ட பாட்டைச் சொல்லாதீர்கள். ஒத்திகை பார்க்காத பாட்டை மறுக்கும் சங்கடத்தை அவர்களுக்குக் கொடுக்க வேண்டாம். சொந்தப் பாட்டு ஒன்று வாசிக்கப் போகிறோம் என்று அறிவித்தால் பேச்சை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். அந்த மூன்று நிமிடத்துக்காகத்தான் மீதி இரவு முழுக்க அவர்கள் மற்றவர் பாட்டை வாசிக்கிறார்கள்.

பிடித்திருந்தால் பணம் கொடுங்கள். ஒரு குழுவுக்குக் கிடைக்கும் தொகை ஐந்தாகப் பிரிந்து, அதில் வண்டி வாடகையும் கம்பியும் போக மிச்சம் கொஞ்சம்தான். பில்லில் வைக்கும் டிப்ஸ் குழுவுக்குப் போகாது. ஜிபே எண்ணோ க்யூஆரோ வைத்திருந்தால் நேராக அதில் போடுங்கள்.

வீடியோ ஒரு பாட்டுக்கு மேல் வேண்டாம். போன் மைக் அந்தச் சத்தத்தில் பிளந்துபோகும், மறுபடி போட்டுக் கேட்கவே மாட்டீர்கள். எடுத்ததைக் குழுவுக்கு அனுப்பினால் மட்டும் பயன் உண்டு. தங்களை வெளியிலிருந்து பார்க்க அவர்களுக்கு வேறு வழி அதிகம் இல்லை.

9. கடலூருக்கே அழைப்பது

சில தடவை போய்ப் பழகியபின் இதைச் செய்யலாம், செய்யவும் வேண்டும் என்பது என் ஆசை. கல்லூரி விழா, குடியிருப்போர் சங்க ஆண்டு விழா, தேவனாம்பட்டினம் பக்கம் ஏதாவது ஒரு கூடல் என்று எதுவானாலும் சரி. குழுவிடம் முதலில் கேட்க வேண்டியது மேடைத் தேவைப் பட்டியல்: எத்தனை மைக், எத்தனை மானிட்டர் (மேடையில் இருப்பவர்கள் தங்கள் ஒலியைக் கேட்கும் ஸ்பீக்கர்), டிரம்ஸ் அவர்களே கொண்டுவருவார்களா. நம்மூர் சவுண்ட் செட்காரர்கள் மெல்லிசை மேடைக்குப் பழகியவர்கள். பாடகர் குரலை மட்டும் ஏற்றி வைப்பார்கள், கிக் டிரம்முக்கு மைக் வைக்கவே தோன்றாது. அந்தப் பட்டியலை ஒரு வாரம் முன்பே அவரிடம் கொடுத்து, குழுவின் ஆளோடு போனில் பேசவைத்துவிடுங்கள். ஒலிபெருக்கிக்குக் காவல் துறையிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். ஜெனரேட்டர் ஒன்று தயாராக இருக்கட்டும். ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடிப்பதாகத் திட்டமிட்டால், மறுமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்க அரை மணி நேரம் கையில் இருக்கும். பேசிய தொகையில் பாதியை முன்பணமாகவும், மீதியை அவர்கள் வண்டியில் கருவிகளை ஏற்றும் முன்பும் கொடுத்துவிடுங்கள்.